போர்ட்டிங்கும் பைப் அளவும்: இன்ஜினுக்குள் காற்று போகும் வழியைச் சீர்செய்ய முழுமையான வழிகாட்டி

இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்ததும் எல்லோருக்கும் விரல் போவது, சிலிண்டருக்குள் காற்று நுழையும் இன்டேக் போர்ட்டுக்குள்தான். தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் கொஞ்சம் பெருசு பண்ணா காத்து நல்லா இழுக்கும்ல அண்ணே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த வழியைக் கடைந்து சீர்செய்வதைத்தான் போர்ட்டிங் என்கிறோம். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நினைத்தேன். பட்டறையில் பல ஹெட்டுகளைப் பார்த்த பிறகு புரிந்தது இதுதான்: காற்றுக்கு இடம் மட்டும் இருந்தால் போதாது, வேகமும் வேண்டும். பைப்பை எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதைவிட, எவ்வளவு சிறிதாக வைத்தே வேலையை முடிக்கலாம் என்று யோசிக்கப் பழகினால் பாதித் தவறுகள் நடக்காது.

உதாரணத்துக்கு ஒரு இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மாருதி எஸ்டீமின் 1298 சி.சி. இன்ஜின். போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் பல ஆண்டுகள் ஓடிய வண்டி, பழைய ஹெட்டும் எளிதில் கிடைக்கும், கற்றுக்கொள்ளத் தோதானது. உங்கள் வண்டி வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

முதலில் கணக்கு: இன்ஜின் எவ்வளவு காற்று குடிக்கிறது?

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் முழு கொள்ளளவையும் நிரப்புகிறது. 6000 ஆர்.பி.எம்மில், அதாவது நிமிடத்துக்கு 6000 சுற்றில், அது 3000 முறை. 1.298 லிட்டர் பெருக்கல் 3000 என்றால் 3894 லிட்டர். எந்த சாதாரண இன்ஜினும் நூற்றுக்கு நூறு நிரம்பாது. 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 3300 லிட்டர், வினாடிக்கு 55 லிட்டர். ஹெட்டில் எவ்வளவு காற்று போகிறது என்று ஃப்ளோ பெஞ்ச் கருவியில் அளப்பவர்கள் பேசும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) கணக்கில் 117.

இந்த 55 லிட்டரும் ஃபில்டரிலிருந்து த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று மூடி) வரை ஒரே குழாயில் வருகிறது. 40 மி.மீ. உள்விட்டம் என்றால் காற்றின் வேகம் வினாடிக்கு 44 மீட்டர். 50 மி.மீ. என்றால் 28 மீட்டர். 60 மி.மீ. என்றால் 19.5 மீட்டர். ஒரே அளவு காற்று போகும்போது, உராய்வால் வரும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடியை ஒட்டிக் குறையும். விட்டத்தை வெறும் 10 சதவீதம் கூட்டினால் இழப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் இழப்பில் 40 சதவீதம் போனால் யாருக்கும் தெரியாது. அதனால் முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பது எப்படி?

மேஸ்திரிகள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் போதும். ஒன்றரை மீட்டர் உயரப் பலகையில் அதை U வடிவில் கட்டி, பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனை திறந்திருக்கட்டும். மறுமுனையை ஃபில்டருக்குப் பின்னால், த்ராட்டிலுக்கு முன்னால் ஒரு சின்ன நிப்பிளில் மாட்டுங்கள். த்ராட்டிலுக்குப் பின்னால் மாட்டிவிடாதீர்கள். அங்கே உறிஞ்சல் மிக அதிகம், தண்ணீர் நேரே இன்ஜினுக்குள் போய்விடும். முன்னால் மாட்டினாலும் நடுவில் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொள்வது நல்லது.

பவர் அளக்கும் டைனோவிலோ டிராக்கிலோ முழு த்ராட்டிலில், உச்ச ஆர்.பி.எம்மில் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சுமார் 100 மி.மீ. வித்தியாசம் என்பது வளிமண்டல அழுத்தத்தில் 1 சதவீதம். அதாவது ஃபில்டர், குழாய் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தாலும் அதிகபட்சம் 1 சதவீதம் கூடுதல் காற்றுதான். அவ்வளவுதான் காட்டுகிறது என்றால் அந்தக் குழாயை விட்டுவிடுங்கள். 300, 400 என்று ஏறினால் அங்கே வேலை இருக்கிறது. அந்தக் கேஸ்களிலும் முக்கால்வாசி அடைத்துப்போன ஃபில்டரோ, நசுங்கிய ரப்பர் பெண்டோதான் காரணமாக இருக்கும்.

இந்த இடத்தில் விட்டத்தைவிட வெப்பம் பெரிய விஷயம். பானட்டுக்குள் காற்று 60 டிகிரியில் இருக்கிறது, வெளியே 35 டிகிரி என்றால், உள்ளிருக்கும் காற்றின் அடர்த்தி ஏழரை சதவீதம் குறைவு. மூடியில்லாத கூம்பு ஃபில்டரை ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டிவிட்டு "சத்தம் நல்லா வருது" என்று சந்தோஷப்படுகிறவர்கள் பெரும்பாலும் சூடான காற்றைத்தான் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். குழாயின் வாயைக் கிரில்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மழைத்தண்ணீர் ஏறாத உயரத்தில் வையுங்கள்.

ரன்னரும் போர்ட்டும்: இங்கே விதி மாறுகிறது

த்ராட்டிலுக்கு முன்னால் காற்று ஓரளவு சீராக ஓடுகிறது. அங்கே குழாய் கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. அதற்குப் பின், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பிரியும் மேனிஃபோல்டு குழாய்க்குள், அதாவது ரன்னருக்குள், வந்தவுடன் கதை வேறு. ஒவ்வொரு சிலிண்டரும் தனியாக இழுக்கிறது, நிற்கிறது, மறுபடி இழுக்கிறது. காற்றுத்தூண் ஓடி, முட்டி நின்று, மீண்டும் ஓடுகிறது.

பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்ட உடனே இன்டேக் வால்வு மூடுவதில்லை. கிராங்க் இன்னும் 40, 50 டிகிரி சுற்றிய பிறகுதான் மூடும். அந்த நேரத்தில் பிஸ்டன் மேலே ஏற ஆரம்பித்துவிட்டது. அப்போதும் காற்று உள்ளே வருகிறதென்றால் காரணம் அதன் உந்தம்தான். வேகமாக ஓடிவரும் காற்றுத்தூண் சட்டென்று நிற்க முடியாமல் சிலிண்டருக்குள் தன்னைத் திணித்துக்கொள்கிறது. போர்ட்டைப் பெரிதாக்கி வேகத்தைக் குறைத்துவிட்டால், குறைந்த ஆர்.பி.எம்மில் பிஸ்டன் அந்தக் காற்றைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். பிக்கப் போய்விட்டது என்று வண்டிக்காரர் சொல்வது இதைத்தான்.

வேகத்தைக் கணக்கிட எளிய வழி உண்டு. பிஸ்டனின் சராசரி வேகத்தை, போரின் விட்டத்தைப் போர்ட் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 75.5 மி.மீ. ஸ்ட்ரோக்குக்கு 6000 ஆர்.பி.எம்மில் பிஸ்டன் வேகம் வினாடிக்கு 15.1 மீட்டர். போர்ட்டின் குறுகலான இடம் 32 மி.மீ. வட்டத்துக்குச் சமம் என்றால் காற்றின் சராசரி வேகம் 81 மீட்டர். 28 மி.மீ. என்றால் 105. 36 மி.மீ. என்றால் 64.

பட்டறை அனுபவத்தில், உச்ச பவர் வரும் ஆர்.பி.எம்மில் இந்த எண் 75 முதல் 90 வரை இருந்தால் தெருவுக்கும் டிராக்குக்கும் பொதுவாக ஒத்துவரும். 100-ஐத் தாண்டினால் மேல் ஆர்.பி.எம்மில் மூச்சு முட்டும். 65-க்குக் கீழே போனால் கீழ் ஆர்.பி.எம்மில் சோர்ந்துவிடும். நம் இன்ஜினில் 36 மி.மீ. போர்ட்டோடு 2500 ஆர்.பி.எம்மில் ஊருக்குள் ஓட்டினால் வேகம் 27 மீட்டருக்கும் கீழே. கார்புரேட்டர் வண்டி என்றால் அந்த வேகத்தில் பெட்ரோல் துளிகள் காற்றோடு வராமல் போர்ட் தரையில் படிந்துவிடும். உங்கள் வண்டி எந்த ஆர்.பி.எம்மில் அதிக நேரம் ஓடுகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதுதான் போர்ட்டின் அளவைச் சொல்லும்.

ரன்னரின் நீளமும் இதே குடும்பம்தான். 1960-இல் வந்த கிரைஸ்லர் 300எஃப் காரில் 30 அங்குல நீள இன்டேக் குழாய்கள் இன்ஜினின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் குறுக்கே போகும். 375 குதிரைத்திறன், உச்ச டார்க் (முறுக்குவிசை) 2800 ஆர்.பி.எம்மில். அதே காரில் 400 குதிரைத்திறன் ஆப்ஷனும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய்கள் அதே நீளம்தான். ஆனால் உள்ளே தடுப்புச் சுவரைப் பாதியோடு நிறுத்தி, காற்றுக்கு அது 15 அங்குலக் குழாயாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். உச்ச டார்க் 3600-க்கு ஏறியது, டார்க்கின் அளவு கொஞ்சம் குறைந்தது. நீளமும் ஒடுக்கமும் இருந்தால் கீழே புல்லிங், குட்டையும் அகலமும் இருந்தால் மேலே பவர். இரண்டையும் ஒரே குழாயில் கேட்க முடியாது.

போர்ட்டிங்: கிரைண்டரை எடுப்பதற்கு முன்

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழில் பழகிய காலத்தில் நான் ஒரு ஹெட்டைக் கெடுத்திருக்கிறேன். இன்டேக் போர்ட்டின் தரையில், வளைவுக்குச் சற்று முன்னால் "இன்னும் ஒரு இழுப்பு" என்று கிரைண்டரின் வெட்டும் முனையான பர்ரை ஓட்டினேன். வெள்ளி நிற அலுமினியத்தின் நடுவே கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. அழுக்கென்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. அது ஹெட்டைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் அறை, வாட்டர் ஜாக்கெட். தொட்டியில் முக்கிக் காற்றழுத்தம் கொடுத்தபோது அந்தக் கடுகிலிருந்து குமிழ் வரிசையாக மேலே வந்தது. அந்த ஹெட்டைப் பிறகு பயன்படுத்த முடியவில்லை. அன்றிலிருந்து, எந்த மாடலானாலும் முதலில் ஒரு வீணான ஹெட்டை வாங்கி, போர்ட்டின் குறுக்கே ரம்பத்தால் அறுத்து, சுவர் எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்று பார்த்துவிட்டுத்தான் நல்ல ஹெட்டில் கை வைக்கிறேன். பழைய இரும்புக் கடையில் அதற்கு ஆகும் செலவு, ஒரு புது ஹெட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

அடுத்து போர்ட்டின் அச்சு எடுங்கள். போர்ட்டில் லேசாக எண்ணெய் தடவி, வால்வை மூடி வைத்து, அச்சு எடுக்கும் சிலிகான் ரப்பரை ஊற்றி, இறுகியதும் இழுத்தால் போர்ட்டின் உருவம் அப்படியே கையில் வரும். அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் கட்டத்தாளில் வைத்து எண்ணுங்கள். எங்கே குறுகுகிறது, எங்கே தேவையில்லாமல் விரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பல நேரங்களில் குறுகலான இடம் நீங்கள் விரல் விட்டுப் பார்த்த வாயில் இருக்காது, வால்வுக்கு அருகே இருக்கும்.

சின்ன ஃப்ளோ பெஞ்ச் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு வாக்குவம் கிளீனர், மரப்பெட்டி, முன்பு சொன்ன U டியூப், இவற்றை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹெட்டைச் சிலிண்டர் அளவுக் குழாய்மேல் வைத்து, வால்வை 1 மி.மீ., 2 மி.மீ. என்று திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் உறிஞ்சல் எவ்வளவு என்று குறியுங்கள். காற்று எளிதாகப் போனால் உறிஞ்சல் குறையும். வெளியே ஃப்ளோ எண் வாங்கினால், எந்த அழுத்தத்தில் அளந்தது என்று கேளுங்கள். 10 அங்குல நீரில் அளந்ததை 28 அங்குலத்துக்கு மாற்ற 1.67-ஆல் பெருக்க வேண்டும். இதைக் கேட்காமல் இரண்டு கடைக்காரர்களின் எண்களை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

வேலை செய்யும் வரிசை

முதல் வேலை வால்வு சீட், அதாவது வால்வு மூடும்போது உட்காரும் வளையம். வால்வு திறக்கும்போது காற்றுக்குக் கிடைக்கும் வழி, வால்வு விட்டம் பெருக்கல் 3.14 பெருக்கல் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்). இது வால்வின் முழுப் பரப்புக்குச் சமமாவது, லிஃப்ட் விட்டத்தில் கால் பங்கு ஆகும்போது. 36 மி.மீ. வால்வுக்கு 9 மி.மீ. அதுவரை போர்ட்டைவிட சீட்டின் விளிம்புதான் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு முறையும் வால்வு குறைந்த லிஃப்டை இரண்டு தடவை கடக்கிறது, ஏறும்போதும் இறங்கும்போதும். அதனால் 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோண சீட் கட்டிங்கை நல்ல டர்னரிடம் கொடுத்துச் செய்யுங்கள். 45 டிகிரி உட்காரும் பட்டை இன்டேக்கில் 1 முதல் 1.2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் ஒன்றரை மி.மீ. அல்லது சற்று கூடுதல். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை அந்தப் பட்டை வழியாகத்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. மெல்லிசாக்கினால் வால்வு எரியும்.

இந்த ஒரு வேலையோடு நிறுத்திக்கொண்டாலே கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. பலரிடமும் நான் அதையே சொல்கிறேன்.

இரண்டாவது, சீட்டுக்குக் கீழே உள்ள தொண்டை. கம்பெனியில் சீட் வளையமும் வார்ப்பும் சேரும் இடத்தில் ஒரு படி இருக்கும். விரல் நகத்தால் தடவினால் இடறும். அதைச் சரித்து இணைக்க வேண்டும். தொண்டையின் விட்டம் வால்வு விட்டத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் நிற்கட்டும். அதற்கு மேல் போனால் சீட்டுக்கு அடியில் தாங்க எதுவும் இருக்காது. சீட்டைக் காக்க ஒரு பழைய வால்வைப் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். அலுமினியம் பர்ரின் பற்களில் ஒட்டும். அடிக்கடி மண்ணெண்ணெயில் தோய்த்துக்கொண்டால் ஒட்டாது.

மூன்றாவது, உள்வளைவு. போர்ட் வால்வை நோக்கித் திரும்பும் இடத்தில், தரைப்பக்கம் இருக்கும் குறுகிய வளைவு. எல்லாம் கெட்டுப்போகும் இடமும் இதுதான், எல்லாம் கிடைக்கும் இடமும் இதுதான். காற்றுக்கு எடை உண்டு. வளைவு கூர்மையாக இருந்தால் அது தரையை விட்டுப் பிரிந்து மேல்சுவரோடு ஓடும், கீழே சுழல் உண்டாகும். ஒரு கம்பியின் நுனியில் நூல் துண்டைக் கட்டி, பெஞ்சில் காற்று ஓடும்போது அந்த இடத்தில் பிடித்துப் பாருங்கள். நூல் நீண்டு கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்து, பின்னால் திரும்பினால் பிரிந்துவிட்டது. இந்த வளைவைத் தாழ்த்தாதீர்கள், உருட்டுங்கள். கூர்முனையை மட்டும் எடுத்தால் போதும்.

வெட்டும் முன் களிமண்ணால் சோதிக்கலாம். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் போர்ட் தரையில் அப்பி வளைவை உயர்த்திப் பாருங்கள். ஃப்ளோ குறையவில்லை என்றால் அந்தத் தரை இதுவரை சும்மா கிடந்திருக்கிறது என்று பொருள். அங்கே வெட்டுவது வீண். ஃப்ளோ கூடினால் இன்னும் நல்லது, போர்ட் சிறிதாகியும் காற்று அதிகம் போகிறது. பெரிதாக்க வேண்டியிருந்தால் மேல்சுவரிலும் வெளிவளைவிலும் எடுங்கள். அங்கேதான் காற்று ஓடுகிறது.

நான்காவது, வால்வின் தண்டைப் பிடித்திருக்கும் கைடைச் சுற்றியுள்ள திரட்சி. அதைப் பக்கவாட்டில் மெலிதாக்கி, படகின் முனைபோல ஆக்கலாம். கைடின் நீளத்தைக் குறைக்காதீர்கள். தெருவில் ஓடும் வண்டியில் வால்வு ஆட்டம் கண்டுவிடும்.

கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்து வாயை ஒப்பிடும் வேலையைக் கடைசிக்கு விடுங்கள். எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான், பலன் குறைவானதும் இதுதான். காற்று முட்டும் திட்டு எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவே. இன்டேக்கில் மேனிஃபோல்டைவிட போர்ட் வாய் அரை மி.மீ. பெரிதாக இருக்கலாம். எக்ஸாஸ்ட்டில் போர்ட்டைவிட, புகையை வாங்கிப் போகும் பெண்ட் குழாயின் வாய் பெரிதாக இருக்க வேண்டும். கேஸ்கெட் துளை போர்ட்டைவிட மிகப் பெரிதென்றால் அந்த அளவுக்குத் தோண்டாதீர்கள். உள்ளே போனதும் மறுபடி குறுகும் வாயால் வேகம்தான் வீணாகும்.

மெருகு விஷயத்தில் இன்டேக்கை 60 அல்லது 80 நம்பர் எமரியோடு நிறுத்துங்கள். கண்ணாடிபோல் ஆக்கினால் பெட்ரோல் துளிகள் சுவரில் திரண்டு ஓடையாக இறங்கும். எக்ஸாஸ்ட்டை நன்றாக மெருகேற்றலாம், கரி படிவது குறையும்.

நாலு சிலிண்டரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு போர்ட் அபாரமாகவும் மற்றவை சுமாராகவும் இருப்பதைவிட, நாலும் சமமாக இருக்கும் ஹெட் நன்றாக ஓடும். கலவை எரியும் சேம்பரின் மேல் துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் வைத்து ஒட்டி, ஊசி சிரிஞ்சில் மண்ணெண்ணெயை அளந்து நிரப்புங்கள். நாலும் அரை சி.சி.க்குள் ஒத்துப்போகட்டும். பிறகு ஹெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய் வழிகள் ஒவ்வொன்றிலும் காற்றடித்து, அழுத்தச் சோதனை செய்துவிட்டுப் பூட்டுங்கள். ஒரு அலுமினியத் துகள் போதும், பேரிங் போய்விடும். வேலை முழுக்க மாஸ்க்கும் கண்ணாடியும் கழற்றாதீர்கள்.

எக்ஸாஸ்ட் பைப்: எங்கே அதிகம் ஏமாறுகிறோம்

"இன்ஜினுக்குக் கொஞ்சம் பேக் பிரஷர் வேணும்" என்று ஒரு பேச்சு உண்டு. எந்த இன்ஜினுக்கும் பேக் பிரஷர் தேவையில்லை. பெரிய பைப் போட்டதும் புல்லிங் குறைந்ததைப் பார்த்தவர்கள் சொன்ன தவறான விளக்கம் அது. போனது வேகம். வேகமாக ஓடும் புகை தன் பின்னால் ஒரு குறைந்த அழுத்தத்தை விட்டுச் செல்கிறது. இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் சில கணங்களில், அது மீதிப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்றை உள்ளே அழைக்கிறது.

நம் இன்ஜினுக்குப் பழைய பந்தயக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எக்ஸாஸ்ட் வால்வு அடிமட்டத்துக்கு 55 டிகிரி முன்னால் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதோடு 180-ஐக் கூட்டினால் 235. அதை 2159-ஆல் பெருக்கி, 6000-ஆல் வகுத்து, 7.6-ஐக் கழித்தால், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் தனியாக வரும் பிரைமரி குழாயின் நீளம்: சுமார் 77 செ.மீ. ஒரு சிலிண்டரின் 324.5 சி.சி.க்கு இந்த நீளத்தோடு பொருந்தும் உள்விட்டம் 33 மி.மீ. நாலும் சேர்ந்த பின் போகும் குழாய்க்கு 45 மி.மீ. போதும். கடையில் கிடைக்கும் ஒன்றரை அங்குலக் குழாய், 1.6 மி.மீ. சுவர் என்றால் உள்ளே 35 மி.மீ. பிரைமரிக்கு அது சற்றே பெரிது, ஆனாலும் ஓடும். இரண்டரை அங்குலம், அதாவது 63 மி.மீ. வைத்துக் கட்டித் தருகிறார்களே, அது இந்த இன்ஜினுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு பரப்பு. சத்தம்தான் வரும்.

ஊருக்குள் ஓடும் வண்டிக்கு நாலு-இரண்டு-ஒன்று என்று சேரும் பெண்ட் நல்லது, டார்க் அகலமாகப் பரவும். உச்ச ஆர்.பி.எம்மிலேயே ஓடும் டிராக் வண்டிக்கு நாலு-ஒன்று. பெண்ட் அடிக்கும்போது குழாய் நசுங்காமல் உள்ளே மேன்ட்ரல் என்ற தாங்கியை வைத்து வளைப்பவரிடம் போங்கள். நசுங்கிய ஒரு வளைவு, நீங்கள் கணக்குப் போட்டு எடுத்த விட்டத்தை வீணாக்கிவிடும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய வண்டி புகைச் சோதனையில் நிற்காது, நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றும் அதனால் கெடுகிறது. பெரிய மாற்றங்களை டிராக் வண்டிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கார்புரேட்டர் என்றால் மெயின் ஜெட் ஒரு படி ஏறும். எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வண்டி) என்றால் புகையை வைத்துக் கலவையை அளக்கும் லாம்டா மீட்டர் மாட்டி, முழு த்ராட்டிலில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று (எடையில்) என்று பாருங்கள். 12.5-க்கும் 13-க்கும் நடுவே இருந்தால் சரி. 14-ஐத் தாண்டி மெலிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். அந்த நிலையில் இரண்டு சுற்று ஓடினாலே பிஸ்டன் உருகிய கதைகள் உண்டு.

அப்புறம், மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம்மிலிருந்து 5500 வரை முழு த்ராட்டிலில் எத்தனை வினாடி என்று பழைய ஹெட்டோடு முன்பே குறித்து வைத்திருந்தால், இப்போது அதே இடத்தில், அதே எரிபொருள் மட்டத்தோடு, டிராக்கில் மூன்று முறை ஓட்டிக் குறியுங்கள். 2000-லிருந்து 3500 வரையும், 3500-லிருந்து 5500 வரையும் தனித்தனியாக. மேல்பாதியின் நேரம் குறைந்து கீழ்பாதியின் நேரம் கூடியிருந்தால் போர்ட் உங்கள் தேவைக்குப் பெரிதாகிவிட்டது. இரண்டும் குறைந்திருந்தால் அந்த ஹெட்டின் அளவுகளை ஒரு நோட்டில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். அடுத்த ஹெட்டுக்கு அங்கிருந்து தொடங்கலாம்.